மன்றத்துச் சுவரில் யார் படம்?

நம் கிளை மன்றம் ஒன்றில் அண்மையில் நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மறைத்து வைத்தால் அது சால் சாலாகக் காது மூக்கு வைத்துப் பரவும். ஏற்கெனவே பரவிக்கொண்டுதான் இருக்கிறது. ஊருக்குப் போன ஒருவர், நெல்லையில் ரயிலை விட்டு இறங்கியதும் இதைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம்.

மன்றத்துச் சுவரில் தந்தை பெரியார், அண்ணல் அம்பேத்கர், அறிஞர் அண்ணா மூவரின் படங்களும் நெடுங்காலமாக இருக்கின்றன. தண்ணீர்ப் பானைக்கு மேலே ஓர் ஆணியில், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பாத்திரக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. திருச்செந்தூர் முருகன் படம் போட்டது. தேதி பார்க்கவும், பால் கணக்கைக் குறித்து வைக்கவும் அது பயன்பட்டதே தவிர, அதற்கு யாரும் சூடம் கொளுத்தியதாக நமக்குத் தெரியாது. ஒருநாள் மாலை, படித்த இளைஞர் ஒருவர் "பகுத்தறிவு பேசுகிற மன்றத்தில் சாமி படம் எதற்கு?" என்று அதைக் கழற்றிப் பானைக்குப் பின்னால் போட்டார். இவர் நல்ல உழைப்பாளி. கூலி வாங்காமல் நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். மறுநாள் காலையில் மன்றத்தைத் திறந்தால் பெரியார் படம் சுவரில் இல்லை. பீரோவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கக் கிடந்தது. கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது.

அதோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அம்மன் கொடைக்கு வரி பிரிக்க வந்தவர்களிடம் நம் இளைஞர்கள் இரண்டு மூன்று பேர், "கல்லுக்குக் கொடுக்க எங்களிடம் காசு இல்லை" என்றார்கள். வரி நோட்டோடு வந்த பெரியவர் நாற்பது ஆண்டுகள் தோல் பதனிடும் வேலையில் கை வெந்தவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: "காசு இல்லன்னு சொல்லு தம்பி, போயிருதேன். கல்லுன்னு ஏன் சொல்லுத? எங்க அம்மை கும்பிட்ட எடம்லா அது?" பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது.

அடுத்த வாரம் 40 பிள்ளைகள் வந்துகொண்டிருந்த மாலை வகுப்பில் 11 பேர்தான் இருந்தார்கள். தாய்மார்கள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காத்திருக்கும் பெண் பிள்ளைகள் அதில் ஐந்து பேர். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கில் முதலில் தோற்றது அந்தப் பிள்ளைகளின் கணக்குப் பாடம்!

இரு தரப்பும் நம்மைத் தேடி வந்தார்கள். நாம் இருவருக்கும் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். ஆளுக்குப் பாதி குற்றம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கப்போவதில்லை. அப்படிப் பிரிப்பது பஞ்சாயத்துக்காரனுக்கு வசதி. அதனால் ஒன்றும் விளங்காது.

இளைஞர்களின் முதல் வாதம், "பெரியாரே பிள்ளையார் சிலையை உடைத்தாரே!" என்பது. உடைத்தார். 1953இல், முன்கூட்டியே அறிவித்து, நாடறிய உடைத்தார். அதை நாம் பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் அது அவர் காசு கொடுத்து வாங்கிய மண் பொம்மை. அடுத்தவர் வீட்டுப் பூசையறைக்குள் புகுந்து எடுத்து வந்ததில்லை. அரசையும் ஆதிக்கத்தையும் எதிர்த்து, வழக்கு வந்தால் சந்திக்கிறேன் என்று நின்று செய்தது. ஆள் இல்லாத மாலை நேரத்தில் காலண்டரைக் கழற்றிப் பானைக்குப் பின்னால் போடுவதற்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது பெரியாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே பெரியார், பொதுக் கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடப்பட்டபோது, தள்ளாத வயதிலும் இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர். நிற்பதனால் தம் கொள்கை கரைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. கரைந்துவிடும் என்று பயப்படுகிற கொள்கை நம்மிடம்தான் இருக்கிறது போலும்.

திரு.வி.க. அவர்களை நம் தொழிலாளிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர்களில் அவர் ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு அணிந்த சைவர். அவர் ஈரோட்டில் விருந்தாளியாக இருந்தபோது, குளித்துவிட்டு வந்தவரிடம் திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியவர் பெரியார் என்பது இரண்டு தலைமுறையாக மேடைகளில் சொல்லப்பட்டு வரும் செய்தி. அதே தொழிற்சங்க மேடையில் திரு.வி.க.வுக்குப் பக்கத்தில் நின்றவர் சிங்காரவேலர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியவர். பிற்காலத்தில் 'குடி அரசு' ஏட்டில் அறிவியலும் நாத்திகமும் எழுதிக் குவித்தவர். ஆலைத் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேச வேண்டிய நாளில், இவர் அவரைத் 'திருநீறு' என்றோ அவர் இவரை 'நாத்திகன்' என்றோ ஒதுக்கி வைக்கவில்லை.

குன்றக்குடி அடிகளார் கதை இன்னும் பாடமானது. அவர் பெரியாரின் நண்பராகத் தொடங்கியவர் அல்லர். 1950களின் தொடக்கத்தில் பெரியாரின் கடவுள் மறுப்புப் பிரச்சாரத்தை எதிர்ப்பதற்கென்றே அருள்நெறித் திருக்கூட்டம் கண்டு ஊர் ஊராகப் பேசியவர். பேசிக்கொண்டே போனபோது ஒன்றை அவர் பார்த்தார். கோயிலுக்குள் தமிழ் வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும் என்று தாம் சொல்வதும் பெரியார் கேட்பதும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. இருவரும் சந்தித்தார்கள். அடிகளார் அழைக்கப் பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனார். அங்கே வைத்த திருநீற்றை அவர் தட்டிவிடவில்லை. அடிகளார் நாத்திகராகவும் இல்லை, பெரியார் சிவபூசை செய்யவும் தொடங்கவில்லை. கடைசி வரை அவரவர் கருத்தில் அவரவர் நின்றார்கள். பின்னர் 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறித்தவர்களும் மோதி, மீனவர் குடியிருப்புகள் அழுதபோது, அங்கே போய் இரு பக்கத்தாரிடமும் பேசி அமைதிக்கு உழைத்தவர் இதே அடிகளார்தான். மாற்றுக் கருத்துக்காரனோடு உட்கார்ந்து பேசிப் பழகிய கால்கள் அங்கே போகத் தயங்கவில்லை.

இதைச் சொன்னால், "சமரசம் செய்துகொள்ளச் சொல்கிறீர்களா?" என்று இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். கோபம் நல்லதுதான். ஆனால் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று போராடியது யார்? கருவறைக்குள் கடவுள் இருக்கிறார் என்று நம்பாத பெரியார்! நம்புகிறவனுக்கு அங்கே நுழைய உரிமை வேண்டும் என்று கேட்டார். 1970இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டத் திருத்தம் வந்தது, நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி அரை நூற்றாண்டு கழிந்தது, 2021 ஆகத்தில் பயிற்சி பெற்ற 24 பேர் பணி ஆணை பெற்றார்கள். தனக்குத் தேவையில்லாத உரிமையை அடுத்தவனுக்காகக் கேட்பதைச் சமரசம் என்று சொல்வார்களா?

நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு இது தெரியாது.

ஆந்திரத்தில் கோரா என்று ஒருவர் இருந்தார். கோபராஜு ராமச்சந்திர ராவ் என்பது முழுப்பெயர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பூணூலைத் துறந்து, கல்லூரி ஆசிரியர் வேலையையும் நாத்திகத்துக்காக இழந்தவர். 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரில் நாத்திக மையம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் தொடங்கினார். பிறகு அது விஜயவாடாவுக்கு மாறியது. இவர் காந்தியாருக்குக் கடிதம் எழுதினார். தாமும் தீண்டாமை ஒழிப்பு வேலைதான் செய்வதாகவும், அதை நாத்திக வழியில் செய்வதாகவும், அது பற்றிப் பேச வேண்டும் என்றும் கேட்டார். முதலில் வந்த பதில் ஊக்கமூட்டுவதாக இல்லை. நாத்திகத்தால் ஒன்றும் ஆகாது என்பது போன்ற பதில்தான். கோரா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தம் வேலையைத் தொடர்ந்தார், மறுபடியும் எழுதினார். கடைசியில் 1944இல் வார்தாவுக்கு அருகே சேவாகிராமத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

எப்படிப் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். மேடை இல்லை, கைதட்டக் கூட்டம் இல்லை. காந்தியார் மாலையில் நடக்கும்போது கூடவே நடந்து பேசினார்கள். "உங்கள் நாத்திகம் ஊர் மக்களுக்கு எதைக் கொடுக்கிறது?" என்பதே கிழவரின் கேள்வியாக இருந்தது. கோரா தம் ஊரில் நடக்கும் சமபந்தி உணவைச் சொன்னார், சேரி மக்களோடு தாம் செய்யும் வேலையைச் சொன்னார். கடவுள் உண்டு, இல்லை என்ற வாதத்தில் யார் வென்றார் என்று கேட்டால், யாரும் வெல்லவில்லை. ஆனால் கோரா தம் மூத்த மகளைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞருக்குக் கொடுக்க முடிவு செய்தபோது, அந்தத் திருமணத்தைத் தம் ஆசிரமத்திலேயே நடத்திவைக்கக் காந்தியார் ஒப்புக்கொண்டார். "கடவுளின் பெயரால் என்று என் மகள் உறுதிமொழி சொல்ல மாட்டாள்" என்ற நிபந்தனையையும் ஏற்றார். உண்மையின் பெயரால் சொல்லட்டும் என்றார். வாழ்நாளெல்லாம் இராமநாமம் சொன்ன மனிதர் இதற்கு இசைந்தார்!

1948 ஜனவரி 30 அன்று காந்தியார் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் நாத்திகன் அல்லன் என்பதை நினைவில் வையுங்கள். சொன்ன சொல் சாகவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் சேவாகிராமத்தில், கடவுள் பெயர் சொல்லப்படாமல், அந்தத் திருமணம் நடந்தது. கோரா பிற்பாடு காந்தியாரோடு பழகியதைத் தனி நூலாக எழுதினார். 1951இல் அதை வெளியிட்டது காந்தியாரின் நவஜீவன் பதிப்பகம். அந்த நாளைய பெரியவர்களின் மனத்தின் அகலம் அது.

(இடையில் ஒரு செய்தி. சீர்திருத்தத் திருமணம் செய்யப்போகும் நம் குடும்பங்கள் கவனிக்கவும். ஊரில் மாலை மாற்றினால் சட்டப்படி செல்லும்; 1967இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம் அதற்குக் காவல். அந்தத் திருத்தம் மராட்டியத்துக்கு வராது. இங்கே சடங்கு இல்லாமல் திருமணம் செய்வோர் 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். கொள்கைத் திருமணம் செய்துவிட்டுப் பிறகு ரேஷன் அட்டைக்கு அலைந்த பெண்களை நாம் பார்த்திருக்கிறோம்.)

இப்போது பக்தர்கள் பக்கம் வருவோம். பெரியார் படத்தைக் கழற்றியவர் யார் என்று நமக்குத் தெரியும். பெயர் எழுதப்போவதில்லை. அவர் நம்மிடம், "மனம் புண்பட்டது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பேன்" என்றார். எழுதிக் கொடுக்கலாம். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வை இழிவுபடுத்துவோரைத் தண்டிக்க 1927இலிருந்தே சட்டம் இருக்கிறது; 2024 ஜூலை முதல் புதிய எண்ணோடு இருக்கிறது. காலண்டரைக் கழற்றியது அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது வேறு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த இரண்டு தமிழர்களும் திரும்பி வரும்போது யார் பையில் என்ன மிச்சம் இருக்கும் என்பதை அவரே யோசிக்கட்டும். நம் மொழியில் பேசித் தீர்க்கக்கூடியதை, நம் மொழி தெரியாத அதிகாரியிடம் கொண்டுபோய் உடைந்த இந்தியில் சொல்வது எந்தச் சாமிக்கும் செய்யும் தொண்டாகாது.

அதைவிட முக்கியமானது வேறொன்று. 'புண்பட்டது' என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2013 ஆகத்து 20 அன்று புனேயில், காலையில் நடக்கப் போன மருத்துவர் நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கடவுளை வைதவர் அல்லர். கும்பிடுகிறவனோடு எனக்குச் சண்டை இல்லை, கும்பிடுகிறவனை ஏய்த்துப் பிழைப்பவனோடுதான் சண்டை என்பதே அவர் வாழ்நாள் வாதம். துக்காராமையும் ஏகநாதரையும் எடுத்துச் சொல்லித்தான் மராட்டியக் கிராமங்களில் பேசினார். அவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத மூடநம்பிக்கைக் கொடுமை ஒழிப்புச் சட்டம், அவர் இறந்த பிறகு அதே ஆண்டில் வந்தது. 2024 மே மாதத்தில் சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை, மூவர் விடுதலை. 2015இல் பன்சாரே, கல்புர்கி. 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர், தம் மதத்தை விட்டுக் கடவுள் மறுப்புப் பேசினார் என்பதற்காக, அந்த மதத்தைச் சேர்ந்தவர்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எந்த மதத்துக்காரரும் அடுத்த மதத்தைக் கை காட்டித் தப்பிக்க முடியாது. நம் சாலில் விழுந்தது ஒரு கண்ணாடிக் கீறல்தான். ஆனால் படத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்த கையில் இருந்தது, மறுப்பவன் முகமே கண்ணில் படக்கூடாது என்ற எண்ணம். அந்த எண்ணத்தைத்தான் பெரியவர்கள் கண்டிக்க வேண்டும்.

மரியாதை என்றால் வாய்மூடி இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்ற ஆண்டு நம் பகுதிச் சகோதரி ஒருவர், பிள்ளைக்குத் தீராத காய்ச்சல் என்று ஒரு குறிகாரரிடம் போய், வீட்டு வேலை செய்து சேர்த்த 15,000 ரூபாயைக் கழிப்புக்கும் தகட்டுக்கும் கொடுத்தார். காய்ச்சல் டெங்கு என்று சயான் மருத்துவமனையில் தெரிந்தது. பிள்ளை பிழைத்தது நம் நல்ல காலம். அந்தக் குறிகாரருக்கும் மரியாதை கொடுத்துப் பேசுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், பணத்தைத் திருப்பி வாங்க வேண்டும், சட்டம் இருக்கிறது. ஆனால் நம் இளைஞர்கள் அன்று என்ன செய்தார்கள்? குறிகாரரை விட்டுவிட்டு, அந்தத் தாயைப் பார்த்து, "படிக்காத சனங்கள்" என்று சிரித்தார்கள். ஏமாற்றியவன் வாசலுக்கு ஒருவரும் போகவில்லை. இதில் பகுத்தறிவு எங்கே இருக்கிறது?

அந்தத் தாயிடம் பிறகு பேசினோம். "பயமா இருந்துச்சுங்க. டாக்டர்கிட்ட இந்தியில சொல்லத் தெரியல. அந்த ஆளு தமிழ்ல பேசுனாரு" என்றார். நம் சங்கத்தின் தலையில் வைத்த குட்டு அது! மருத்துவமனைக்குக் கூடப் போகத் தமிழ் பேசும் ஓர் ஆளை நாம் கொடுத்திருந்தால் தகடு வாங்கியிருக்க மாட்டார். இந்த வாதம் முழுவதிலும் பெண்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதும் உண்மை. கொடைக்கு முளைப்பாரி போடுகிறவர்கள் அவர்கள். மாலை வகுப்புக்குப் பிள்ளையைச் சீவி முடித்து அனுப்புகிறவர்களும் அவர்களே. உண்டு என்றும் இல்லை என்றும் கத்தியது ஆண்கள் மட்டும்.

நாம் வந்தேறிகள் என்று சொல்லப்படும் ஊரில் இருக்கிறோம். 1966இல் சிவசேனை தோன்றிய பிறகு, தென்னாட்டான் வெளியேறு என்று இந்த நகரில் நம் கடைகளையும் உணவகங்களையும் அடித்தார்களே, நெற்றியில் நீறு இருக்கிறதா என்று பார்த்தா அடித்தார்கள்? வேட்டியைப் பார்த்தார்கள். 1991 டிசம்பரில் காவிரிக்காகப் பெங்களூரில் தமிழர் குடிசைகளுக்குத் தீ வைத்தவர்கள், இது ஆத்திகன் குடிசை, இது நாத்திகன் குடிசை என்று பிரித்து வைக்கவில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரத்துக் கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் எழுதியது. தாராவியில் ஒரே ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்த தமிழ் முஸ்லிமும் தமிழ் இந்துவும் அப்போது சந்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் நன்றாகப் பழகியவர்கள்தாம். ஆனால் கசப்பானதைப் பேசித் தீர்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்பட்டிருக்கவில்லை.

இன்று வீட்டுப் பிரச்சினை தலைக்கு மேல் நிற்கிறது. சேரி மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு வேண்டுமானால் 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய மின் ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், பள்ளிச் சான்று என்று ஒவ்வொரு வீட்டிலும் தேடி எடுத்து, படித்துப் பார்த்து, படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பத் தெரிந்தவர்கள் அந்த இளைஞர்கள். எந்த வீட்டில் யார் எந்த ஆண்டில் குடிவந்தார்கள் என்பது வரி நோட்டு வைத்திருக்கும் அந்தப் பெரியவருக்குத் தெரியும். அவருடைய கொடை வரி நோட்டிலேயே 1980களிலிருந்து வீட்டு வாரியாகப் பெயர்கள் இருக்கின்றன! இவர் அவரோடு பேசுவதில்லை, அவர் இவரோடு பேசுவதில்லை.

செயற்குழு கூடிப் பேசியதில் சில முடிவுகள் ஆயின. பெரியார் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. கழற்றியவரே காசு கொடுத்தார், நாம் கேட்கவில்லை. காலண்டர் மறுபடியும் பானைக்கு மேலே தொங்குகிறது. அதைத் தொங்கவிடச் சொன்னவர் அதைக் கழற்றிய இளைஞர். ஆனால் "தேதி பார்க்கத்தான்" என்று மூன்று முறை சொன்னார். சொல்லட்டும். கொடை வரியும் சங்கச் சந்தாவும் இனி வேறு வேறு ஆட்களால், வேறு வேறு ரசீதில் வாங்கப்படும். வரி கொடுக்க மறுப்பவர் வீட்டைத் தள்ளிவைப்பதோ தண்ணீர்க் குழாயில் வம்பு பேசுவதோ கூடாது. மன்றத்தில் கடவுள் உண்டு என்றும் பேசலாம், இல்லை என்றும் பேசலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும், அவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது அங்கே விதி. முதல் ஞாயிறு இதைச் சொன்னபோது பாதிப் பேருக்கு வாய் வரவில்லை. மறுக்க வந்தவர்கள், எதிராளி என்ன சொன்னார் என்பதையே கேட்டிருக்கவில்லை.

மாலை வகுப்புக்கு இப்போது 26 பிள்ளைகள் வருகிறார்கள். மீதிப் பேர் வீடுகளுக்கு அந்தக் கணக்கு ஆசிரியரும் வரி நோட்டுப் பெரியவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. இரண்டு நாள் போயிருக்கிறார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டு போனீர்கள் என்று பெரியவரிடம் கேட்டோம். "அவன் ஒண்ணு சொல்லுதான், நான் ஒண்ணு சொல்லுதேன். அதுக்குள்ள வீடு வந்துருது" என்றார்.